வாழைமர நோட்டும் ஒரு பங்காளிச் சண்டையும்

எங்கள் குடும்பத்தில் முப்பது வருஷமாக ஒரு ஓவல்டின் டப்பாவைப் பற்றிப் பேச்செடுத்தாலே குரல் உயரும். தாத்தா மலாயாவிலிருந்து கொண்டுவந்த டப்பா. அதற்குள் தாத்தா கொண்டுவந்த பணம். தாத்தா போனதும் டப்பா அப்பாவின் பீரோவுக்குப் போனது. "ஆயிரம் டாலர் நோட்டு மட்டும் ஆறு இருந்துது, என் கையால எண்ணியிருக்கேன்" என்று சித்தப்பா சொல்வார். மொத்தம் 7,630 டாலர். அந்தத் தொகையை அவர் எப்போதும் மறந்ததில்லை. டாலர் நாற்பது ரூபாயைத் தொட்ட வருஷம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தபடியே பெருக்கிப் பார்த்து, "மூணு லட்சத்த அமுக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்காரு எங்கண்ணன்" என்றார். அப்பா அதே பந்தியில் நாலு இலை தள்ளி உட்கார்ந்திருந்தார். ரசத்துக்கு முன்பே எழுந்துவிட்டார். அதற்கப்புறம் இரண்டு வீட்டுக்கும் நல்லது கெட்டதுக்கு மட்டும்தான் போக்குவரத்து.

அப்பாவின் கருமாதி முடிந்த மூன்றாம் நாள் பீரோவைத் திறந்தோம். டப்பா, வேட்டிகளுக்கு அடியில், அப்படியே இருந்தது. எண்ணினேன். ஆயிரம் டாலர் ஆறு, நூறு டாலர் பன்னிரண்டு, பத்து டாலர் நாற்பத்து மூன்று. 7,630. சித்தப்பா சொன்னதில் ஒரு டாலர்கூடக் குறையவில்லை. அப்பா ஒரு நோட்டையும் மாற்றவுமில்லை, விற்கவுமில்லை. மாற்ற முயன்றாரா என்று அம்மாவிடம் கேட்டேன். "ஒரு தடவ மெட்ராஸ்ல ஒரு பேங்க்குல கொண்டுபோய்க் காமிச்சாரு. சிரிச்சானுங்களாம். அதுக்கப்புறம் எடுக்கவே இல்ல" என்றார். இதை ஏன் தம்பியிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அம்மாவிடம் பதில் இல்லை. மதிப்பில்லாத ஒன்றுக்காகத் திருடன் பட்டம் வாங்கியவருக்கு, அது மதிப்பில்லாதது என்று சொல்லவும் வாய் வந்திருக்காது. சொன்னால் மட்டும் சித்தப்பா நம்பியிருப்பாரா, தெரியவில்லை.

நாமாவது இதை ஒழுங்காகத் தெரிந்துகொண்டு, எழுதிய தாளோடு போய் சித்தப்பாவிடம் கணக்கு ஒப்படைக்கலாம் என்று நினைத்தேன். இரண்டு நாள் வேலை என்றுதான் தோன்றியது. எட்டு மாதம் ஆனது.

நம்பர் இல்லாத நோட்டு

எங்கள் பக்கத்தில் மலாயா போய்வந்த குடும்பங்களில் இந்த நோட்டைப் பார்த்திருப்பீர்கள். பத்து டாலர் நோட்டில் குலையோடு வாழைமரம், பின்புறம் தொலைவில் கடலில் ஒரு கப்பல். அதனால்தான் வாழைமர நோட்டு. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபின் ஜப்பான்காரன் அச்சடித்து இறக்கியது. "கேட்டவுடன் கொடுப்பதாக ஜப்பானிய அரசாங்கம் உறுதி கூறுகிறது" என்று ஆங்கிலத்தில் இருக்கும். எந்த பேங்க், எந்த அதிகாரியின் கையெழுத்து, எந்தத் தேதி, ஒன்றும் இருக்காது. கூர்ந்து பார்த்தால் சிவப்பில் எம் என்று தொடங்கும் எழுத்துகள் மட்டும் தெரியும். எம் என்றால் மலாயா. பர்மாவுக்கு அடித்த ரூபாய் நோட்டில் பி, டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியத் தீவுகளுக்கு எஸ், ஓஷியானியாவுக்கு ஓ. பழைய நோட்டை இனம் காண வேண்டுமென்றால் படத்தைப் பார்த்து மயங்காமல் முதலில் எழுத்தைப் படிக்க வேண்டும் என்பதை இந்த எம்மிடம்தான் கற்றுக்கொண்டேன். யார் வெளியிட்டது, எந்த நாட்டுக்கு, எவ்வளவு தொகை, வரிசை எண் உண்டா இல்லையா. இந்த நான்கும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

தேதி இருந்தாலும் அதை அப்படியே நம்பக்கூடாது. டப்பாவின் அடியில் ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட ஒரு டாலர் நோட்டு ஒன்றும் கிடந்தது. தேதி 1941 ஜூலை 1. தாத்தா சண்டைக்கு முன்பே சேர்த்தது என்று நினைத்து என் மகனிடம் பெருமையாகச் சொல்லிவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அந்த வரிசை நோட்டுகள் மலாயாவுக்கு வந்து சேர்வதற்குள் போர் முந்திக்கொண்டது. ஜப்பான் சரணடைந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்தபின்தான் அவை புழக்கத்துக்கு வந்தன. தேதியில் இருப்பது ஒரு வருஷம், கைக்கு வந்தது வேறொரு வருஷம்.

டப்பாவில் இன்னொன்றும் இருந்தது. பெரியத்தை எப்போதோ சிங்கப்பூரிலிருந்து வந்தபோது கொடுத்த, ஆர்க்கிட் பூ போட்ட பத்து சிங்கப்பூர் டாலர். அதன் காலம் 1967க்கும் 1976க்கும் நடுவில். இந்த டப்பாவிலேயே இன்றைக்கும் சிங்கப்பூரில் செல்லுபடியாகிற பணம் அது ஒன்றுதான். சித்தப்பாவின் 7,630இல் அது சேர்த்தி இல்லை.

யூடியூபில் தேடினால் தலை சுற்றும். "உங்க வீட்ல இந்த நோட்டு இருக்கா? நீங்கதான் கோடீஸ்வரர்" வகையறா. ஒரு வீடியோவுக்குக் கீழே என் நம்பரைப் போட்டுத் தொலைத்தேன். அடுத்த நாளே ஒருவர் கூப்பிட்டு, ரிசர்வ் பேங்க் அனுமதிபெற்ற ஏஜென்ட் என்றார். ஆயிரம் டாலர் நோட்டுக்கு நாலு லட்சமாம், அதற்கு முன்னால் நான் பதிவுக் கட்டணம் மூவாயிரத்து ஐநூறு கட்ட வேண்டுமாம். பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்பதற்கு நாங்கள் யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை, கட்டணமும் கேட்பதில்லை என்று ரிசர்வ் பேங்க் 2021 ஆகஸ்டிலேயே அறிவித்திருப்பதை அவரிடம் சொன்னேன். "சார், அது இந்திய நோட்டுக்கு, உங்களுது ஃபாரின்" என்றார் அசராமல். அந்தச் சாமர்த்தியத்துக்காகவே ஐநூறாவது கொடுக்கலாம் போலிருந்தது.

விலை பார்க்கப் பழகியபின் ஒன்று புரிந்தது. இணையத்தில் விற்பவன் கேட்கிற விலை விலையே இல்லை. விற்று முடிந்த விலை என்று தனியாகக் காட்டும் பக்கங்கள் இருக்கின்றன, அதைத்தான் பார்க்க வேண்டும். ஐம்பதாயிரம் கேட்டு மூன்று வருஷமாகக் கிடக்கும் அதே நோட்டு, ஏலத்தில் நூறு, இருநூறுக்குப் போயிருக்கும். வாழைமர நோட்டு அரிய பொருளே இல்லை, அவ்வளவு அடித்திருக்கிறார்கள். முதலில் அடித்தவற்றில் வரிசை எண் இருந்தது. பிறகு எண் போடுவதையே விட்டுவிட்டார்கள். எண்ணில்லாத பணத்தை எவ்வளவு அடித்தோம் என்று யார் எண்ணப் போகிறார்கள்? ஆரம்பத்தில் பழைய டாலருக்குச் சமமாக ஓடிய காசு, போகப் போக மூட்டையில் கொண்டுபோனாலும் அரிசி கிடைக்காத காசானது. அதனால்தான் நூறும் ஆயிரமும் கடைசிக் காலத்தில் வந்தன. கடைசியாக வந்த நூறு டாலர் நோட்டில் என்ன படம் தெரியுமா? ரப்பர் தோட்டத்தில் வேலையாட்கள். தோட்டத்துச் சனத்தைக் கஞ்சிக்கும் மரவள்ளிக் கிழங்குக்கும் விட்டுவிட்டு, அவர்கள் படத்தை நோட்டில் போட்டான்.

ட்யூப்லைட்டுக்குக் கீழே

சென்னையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த நாணயக் கண்காட்சிக்குப் போனேன். போவதற்கு முந்தின நாள் மச்சினன், கசங்கின நோட்டையெல்லாம் இஸ்திரி போட்டுக் கொண்டுபோனால் விலை கூடும் என்றான். நல்லவேளை, கரண்ட் இல்லை. (இஸ்திரி போடுவது, சோப்பில் அலசுவது, கிழிசலுக்குச் செலோடேப் ஒட்டுவது, மூன்றுமே நோட்டைக் கொன்றுவிடும். தாளின் மேல் அச்சு மை எழும்பி நிற்கும், அதைத் தட்டையாக்கினால் பழகிய கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும்.)

அங்கே ஒரு மேஜையில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர். பேச்சு கம்மி. ஒவ்வொரு நோட்டையும் ஓரத்தில் மட்டும் பிடித்து ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கினார், சாய்த்தார், காதருகே கொண்டுபோய் லேசாக ஆட்டினார். புது நோட்டு என்றால் சடசடவென்று சத்தம் வரும். ஐந்து நிமிஷத்தில் பத்து டாலர் நோட்டுகளை இரண்டு கட்டாகப் பிரித்துவிட்டார். ஒன்றில் முப்பத்தொன்று, இன்னொன்றில் பன்னிரண்டு.

"இந்த முப்பத்தொண்ணும் யூஎன்சி சார். புழக்கத்துக்கே போகாதது. மடிப்பே இல்ல பாருங்க. நாப்பது ரூபா மேனிக்கு எடுத்துக்கிறேன். நூறு டாலர் நூறு ரூபா, ஆயிரம் டாலர் முந்நூறு. மொத்தமா நாலாயிரத்து இருநூறு வச்சுக்கங்க. இந்தப் பன்னெண்டு எனக்கு வேணாம்."

பன்னிரண்டும் துணிபோல் தொய்ந்திருந்தன. நடுவில் மடித்து, அதை மறுபடி மடித்து, மடிப்பு வெட்டிய இடத்தில் பொத்தல். வெற்றிலைக் காவி. அதில் இரண்டை மட்டும் அவர் கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "இது ரெண்டுலயும் நம்பர் இருக்கு. ஃபர்ஸ்ட்டு அடிச்சது. இது மட்டும் அந்த முப்பத்தொண்ணு மாதிரி இருந்திருந்தா நல்ல காசு சார். பாவம், செலவழிச்சுட்டாங்க."

பாவம், செலவழிச்சுட்டாங்க. அந்தச் சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. பணத்தைச் செலவழித்தது பாவமாம். அவர் தொழிலில் அது சரிதான். வேர்வைபட்ட நோட்டு தரம் இறங்கிவிடும். ஒரு கையும் தொடாதது உச்சத்தில் நிற்கும். எழுபது புள்ளிக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் தருகிற கம்பெனிகள் அமெரிக்காவில் இருக்கின்றன. எந்த வேலையும் செய்யாத பணத்துக்குத்தான் அங்கே முதல் மார்க்.

அப்புறம் அவர் செய்ததுதான் காரியத்தையே மாற்றியது. முப்பத்தொன்றையும் சீட்டுக்கட்டுபோல் தட்டி ஒன்றாக நிறுத்தி மறுபடி வெளிச்சத்தில் காட்டினார். இடது மேல் மூலையில் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. ஒரே துளை, முப்பத்தொரு நோட்டிலும் ஒரே இடத்தில். சுற்றிலும் மெல்லிய துரு வட்டம்.

"குண்டூசி சார். புதுசா வந்தப்பவே கட்டா குத்தியிருக்காங்க. எல்லாத்துலயும் ஒரே எழுத்து வேற. ஒரே கட்டுலேர்ந்து உருவினது. உங்க தாத்தா பேங்க்ல வேலை பார்த்தாரா?"

இல்லை. கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி. ஆபீசில் உட்கார்ந்து பேரேடு எழுதுவதும், மாதாமாதம் தொழிலாளிகளுக்குச் சம்பளம் எண்ணிக் கொடுப்பதும்தான் அவர் வேலை. விற்கவில்லை என்று சொல்லிவிட்டு நோட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கிளம்பும்போது, "பிவிசி கவர்ல போடாதீங்க, ஒட்டிக்கும்" என்று மட்டும் சொன்னார்.

யாருடைய சம்பளம்

எங்கள் வீட்டுக் கதை இதுதான். தாத்தா மூன்றரை வருஷம் ஜப்பான்காரனிடம் உழைத்து, வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் ஒரே நாளில் செல்லாக் காசாகிவிட்டது. 1945 செப்டம்பரில் வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் இந்த நோட்டு செல்லாது என்றுவிட்டான். மனசு விடாமல் 1947இல் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கியபோதும் டப்பாவைக் கையோடு கொண்டுவந்தார். அப்பா அழுதுகொண்டே சொல்வார், நாங்கள் கேட்டுக்கொண்டே வளர்ந்தோம்.

ஆனால் சேர்த்த பணம் இப்படி இருக்காது. சேர்த்த பணம் என்பது அந்தப் பன்னிரண்டு நோட்டு. மாறி மாறிப் பல கைகளில் வந்து, மடியில் செருகி, வேர்வையில் நனைந்து காய்ந்தது. அவற்றில் நம்பர் போட்டதும் இருக்கிறது, அதாவது அந்தக் காசுக்கு அரிசி கிடைத்த காலத்து நோட்டு. தாத்தாவின் சம்பளம் என்று ஏதாவது இருந்தால் அதுதான். குண்டூசி குத்திய முப்பத்தொன்றும் தோட்டத்து ஆபீசுக்குக் கட்டாக வந்து, பிரிக்கப்படாமலே நின்றுபோன பணம். கட்டு வந்தது. வாங்க ஆள் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்குச் சாதாரணக் காரணங்கள் நிறைய உண்டு. கடைசி மாதங்களில் இந்தக் காசை வாங்கி என்ன செய்வது என்று ஆட்களே விட்டிருக்கலாம். சரணடைந்த செய்தி வந்ததும் தெருவில் இறைந்து கிடந்ததைப் பிள்ளைகள் பொறுக்கி விளையாடினார்கள் என்பார்கள். அப்படி ஞாபகத்துக்கு எடுத்து வைத்ததாகவும் இருக்கலாம். அந்தக் காலத்துக் கணக்கே குழப்பம்தான். வட்டிக்கடைச் செட்டியார்களிடம் நல்ல டாலரில் கடன் வாங்கியவர்கள், சமயம் பார்த்து வாழைமர நோட்டில் திருப்பிக் கட்டினார்கள். அந்தச் சிக்கலை அவிழ்க்க 1948இல் மலாயாவில் தனிச் சட்டமே போட்டார்கள். மாதத்துக்கு மாதம் ஜப்பான் டாலருக்கு என்ன மதிப்பு என்று அதில் அட்டவணை இருந்தது. அதே நோட்டுதான், 1942இல் கைமாறியிருந்தால் பணம், 1945இல் கைமாறியிருந்தால் குப்பை.

ஆனால் கிள்ளான் பக்கத் தோட்டம் என்றதும் எனக்கு இன்னொன்றையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1943இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்ச் சனங்களை லாரி லாரியாக சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரன் அள்ளிக்கொண்டு போனான். 415 கிலோமீட்டர் பாதை. போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. பேரேட்டில் பெயர் இருக்கும், பெயருக்கு நேரே தொகை இருக்கும், சம்பள நாளில் கை நீட்ட ஆள் இருக்காது. அந்தப் பேரேட்டை எழுதியவர் என் தாத்தா. இது என் ஊகம்தான், ஒரு குண்டூசித் துளையை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் போகக்கூடாது என்று எனக்கே தெரியும். இருந்தாலும் செல்லாது என்று தெரிந்த பணத்தை ஒரு மனிதர் ஏன் கடல் தாண்டிக் கொண்டுவந்து, சாகும்வரை ஒன்றுகூடக் குறையாமல் வைத்திருந்தார்? என்றாவது ஜப்பான் கொடுக்கும் என்கிற நம்பிக்கையா? அப்படிக் காத்திருந்தவர்கள் உண்டு. அப்படியென்றால் ஜப்பான் கொடுத்திருந்தால் அந்த முப்பத்தொன்றுக்கு உரிய முந்நூற்றுப் பத்து டாலர் யாருக்குப் போயிருக்க வேண்டும்?

லேமினேஷன்

மாசியில் சித்தப்பா வீட்டுக்குப் போனேன், டப்பாவோடு. மன்னார்குடிக்குப் பக்கத்தில் அதே பழைய ஓட்டு வீடு. எண்பத்தொரு வயசு. கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்ததால் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து, நான் எழுதிக் கொண்டுபோன தாளைப் படித்துக் காட்டினேன். ஆயிரம் டாலர் முந்நூறு ரூபாய் என்ற இடத்தில் "ஒரு நோட்டுக்கா, ஆறுக்குமா?" என்று ஒரு முறை கேட்டார். அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய், சுவாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். "எங்கப்பா எனக்குன்னு குடுத்தது. ஒண்ணே ஒண்ணு. நான் என்ன உங்கப்பன் மாதிரி டப்பாவுல போட்டா வச்சிருக்கேன்? பஸ் ஸ்டாண்டு கடையில குடுத்து லேமினேஷன் போட்டுட்டேன், பத்திரமா இருக்கட்டும்னு."

வாழைமரம். மடிப்பில்லை, காவியில்லை. கீழே சிவப்பில் எம், அதற்குப் பக்கத்தில் தெளிவாக வரிசை எண். மண்டபத்துக்காரர் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். அந்தச் சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கை இனி எந்தக் கொம்பனாலும் பிரிக்க முடியாது.

"இதுக்கு என்ன போகும்?" என்றார்.

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். "லேமினேஷன் போட்டாச்சுல்ல சித்தப்பா. ஒண்ணும் போகாது."

முதலில் முறைத்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தே இருபது வருஷம் இருக்கும். உள்ளேயிருந்து சித்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பில் தைரியம் வந்து, சொல்ல வேண்டாம் என்று நினைத்திருந்த குண்டூசிச் சமாச்சாரத்தையும் சொல்லிவிட்டேன். முப்பத்தொன்றையும் தட்டி அடுக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஆபரேஷன் ஆகாத கண்ணால் பார்த்தார். துளை தெரிந்ததா என்று தெரியவில்லை. விரலால் தடவினார்.

"சின்ன வயசுல இத எடுத்து வச்சு நானும் உங்கப்பனும் கடை விளையாட்டு விளையாடுவோம். ஒரு தடவ பாத்துட்டு எங்கப்பா முதுகுல ஒண்ணு வச்சாரு. அவரு அடிச்சதே அந்த ஒரு தடவதான். 'வை அத, நம்ம காசு இல்லடா'ன்னாரு." நிறுத்தினார். "நம்ம ஊருக் காசு இல்லன்னு சொல்றாருன்னுதான் நான் இத்தன வருஷமா..."

நோட்டுகளை என்னிடம் நீட்டினார். வாங்கி டப்பாவில் வைத்தேன்.

"அந்தக் கடக்காரன்ட்ட இதையெல்லாம் வித்துட மாட்டியே?"

"இல்ல சித்தப்பா."

"சரி. உங்கப்பன் பீரோவுலயே இருக்கட்டும்."